நீடித்த நோயும் நம்பிக்கையும்



காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். மருந்து சாப்பிடுகிறோம், நாலைந்து நாளில் குணமாகிவிடுகிறது. பிறகு அவரை நாம் நினைப்பதில்லை. அவரும் நம்மை நினைப்பதில்லை. ஆனால் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் முதலியன அப்படிப்பட்ட வியாதிகள் அல்ல. வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டதைப் போன்றவை அவை. அவற்றோடு இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். அந்த வாழ்வு நல்வாழ்வாக அமைய, நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையே நம்பிக்கை இன்றியமையாதது. நீரிழிவை உதாரணமாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இளம் வயதில் இந்நோய் கண்டவர்கள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்சுலின் அவர்களுக்கு ஆயுளைத் தந்தது. கூடவே ஒரு பொறுப்பையும் தந்தது. வைத்தியத்தின் பெரும்பகுதி அன்று முதல் நோயாளியின் வீட்டிலேயே, அவர் கையாலேயே நடைபெறலாயிற்று. 2023-ல் வெளியான ஆய்வொன்றின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. டாக்டரை மாதம் ஒரு முறை பார்ப்பவர்கூட, மற்ற நாட்களில் தமக்குத் தாமே வைத்தியராக இருந்தாக வேண்டும்.

இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. மாத்திரையை இரண்டு வாரம் விட்டுவிட்டோம். கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டோம். ஏகாதசிக்குப் பட்டினி இருந்தோம். சொன்னால் டாக்டர் கோபிப்பாரே என்று மறைத்துவிடுகிறோம். மறைப்பதன் விளைவு என்ன? சர்க்கரை கூடியிருப்பதைக் கண்ட டாக்டர், கொடுத்த மருந்து போதவில்லை என்று கருதி அளவை உயர்த்துகிறார். பிறகு ஒருநாள் நாம் ஒழுங்காக மருந்து சாப்பிடத் தொடங்கினால், சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். உண்மையைக் கேட்டிருந்தால் அவர் அளவை உயர்த்தியிருக்கமாட்டார். விரத நாளுக்கென்று மருந்தை மாற்றியமைத்தும் தந்திருப்பார்.

தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரிலிருந்து வந்து டில்லியில் மகனோடு வசிக்கும் ஒரு தாயாரை நினைத்துப் பாருங்கள். "பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது, செருப்பு நழுவினாலும் தெரிவதில்லை" என்கிறார் அவர். டாக்டர் ஹிந்தியில், "காலில் வலி உண்டா?" என்று கேட்கிறார். அவசரத்தில் இருக்கும் மகன், "வலி இல்லை" என்று பதில் சொல்லிவிடுகிறான். அது பொய்யன்று. ஆயினும் சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை. நீரிழிவினால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப் போயிருந்தால், வலி இல்லாமையே அபாயம். முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் பெருகி, காலையே இழக்க நேரிடலாம். எரிச்சல், குடைச்சல், மதமதப்பு என்று தமிழில் தனித்தனியே சொல்வதை 'தர்த்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாகாது. பெற்றோர் சொல்வதை முழுவதும் கேட்டு, முழுவதும் மொழிபெயர்ப்பது பிள்ளைகளின் கடமை. டாக்டர் சொல்வதையும் அப்படியே அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். "ஒன்றுமில்லை அம்மா" என்று முடித்துவிடலாகாது.

நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. டாக்டருக்கும் கடமை உண்டு. "ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டுவதைவிட, "சாப்பிட முடியாமல் என்ன தடை?" என்று வினவுவது மேல். மருந்தின் விலையாக இருக்கலாம். இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம் என்ற வீண் பயமாக இருக்கலாம். காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். நோயாளிக்கு வேண்டியது வெறும் எண்கள் அல்ல. கோயிலுக்கு நடந்து போகவும், பேரக் குழந்தையைத் தூக்கவும், பந்தியில் பிறரோடு அமரவும் அவர் விரும்புகிறார். அந்த விருப்பங்களை அறிந்து சொல்லப்படும் யோசனையே வீட்டில் நிலைக்கும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சாப்பிட்ட மருந்தையும் விட்ட மருந்தையும் ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் குறியுங்கள். விளங்காததைத் திரும்பக் கேளுங்கள், கேட்பது அவமரியாதையன்று. டாக்டரிடம் திருப்தி இல்லையானால் வேறொருவரை நாடலாம். ஆனால் பழைய குறிப்புகளை உடன் கொண்டு செல்லுங்கள்.

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நால்வகைப்பட்டது மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் சொல்கிறது. அந்த நால்வரிசையில் வள்ளுவர் முதலில் வைத்தவர் நோயாளியே. அவர் வாய் திறந்து உண்மையைச் சொன்னால்தான் மற்ற மூன்றும் பயன்படும்.