மலைவழியே ஊருக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

புலவர்கள் பேச வேண்டிய மேடையில் எங்களுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். இலக்கியம் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. சென்ற சித்திரைத் திங்களில், நாங்கள் கணவனும் மனைவியுமாக வைப்பினிலிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்ற பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறோம். ஆண்டுதோறும் ஊருக்குச் செல்லும் குடும்பங்களே இங்கு மிகுதி. ஆகவே இது யாருக்கேனும் பயன்படக் கூடும்.

“இரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் மோட்டார் சைக்கிளில் போவானேன்?” என்று நீங்கள் நகைக்கலாம். காரணம் உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. அகலப்பாதைப் பணிக்காகப் பத்தாண்டுக்கு மேல் நின்றிருந்த வண்டி, 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடி வரையிலும் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஆயினும் கொச்சிக்கும் போடிக்கும் நடுவே மலை நிற்கிறது. இரயிலில் செல்வோர் வடக்கே பாலக்காட்டு வழியாகவோ, தெற்கே செங்கோட்டை வழியாகவோ சுற்றித்தான் வரவேண்டும்.

அந்த மலையிலும் ஒருகாலத்தில் இரயில் ஓடியது என்றால் இளைஞர்கள் வியப்பீர்கள். மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தார்கள், மாடுகள் இழுத்தன. 1908-இல் அது நீராவி வண்டி ஓடும் சிறு இருப்புப்பாதையாயிற்று. மேலே டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924-இல், வந்த பெருவெள்ளம் அந்த இரயிலை அழித்தது. அதன்பின் அதனை எவரும் மீண்டும் அமைக்கவில்லை. ஆக, நமக்கு எஞ்சியது சாலைதான். கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலை என்னும் அவ்வழியில் போடி ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

தமிழர் ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். சொல்லைக் கேட்டால் தென்றலும் மாந்தளிரும் நினைவுக்கு வரும். ஆனால் மலைக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது. காலையில் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்கு வீசுகிறது. வெயிலில் சூடேறிய மலைச்சரிவுகளில் அது மேலே எழுகிறது. நண்பகலுக்குப் பின் கருமேகமாகக் குவிந்து, இடியும் மின்னலுமாக இறங்குகிறது. ஆடி மழை நாள் முழுதும் பெய்யும். சித்திரை மழை பிற்பகலில் வந்து அடித்துவிட்டுப் போகும். இந்த வேறுபாட்டை நாங்கள் அறிந்தே இருந்தோம். அறிந்தும் பிழை செய்தோம்.

எந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்தது. மறுநாள் நண்பகலில் திதி. தம்பி எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். “காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மாலைக்குள் வந்துவிடுவோம்” என்று அன்னையாருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தோம்.

புறப்பட்டதோ பத்து மணிக்கு. இதில் நம் காலனிக்கும் பங்கு உண்டு, கோபிக்கக் கூடாது. ஒரு வீட்டிலிருந்து நேந்திரங்காய் வறுவல், ஒரு வீட்டிலிருந்து கருவாடு, ஒரு வீட்டிலிருந்து பேரப்பிள்ளைக்குச் சட்டை என்று மூட்டைகள் வந்தவண்ணம் இருந்தன. ஊருக்குப் போகிறவரிடம் பொருள் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். மறுக்கவும் மனம் வரவில்லை.

2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும் வரை, வைப்பினிலிருந்து எறணாகுளம் செல்வோர் முதலில் படகுத்துறையில் காத்து நிற்க வேண்டும். இன்று பாலத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். மூவாற்றுப்புழையில் அனல் வீசிற்று. கோதமங்கலத்தில் இளநீர் பருகினோம். 1935-இல் கட்டிய நேரியமங்கலம் பாலத்தில் பெரியாற்றைக் கடந்தபோது, கிழக்கே மலைமுகடு கறுத்திருந்தது.

காட்டுக்குள் நுழைந்து சிறிது தொலைவில் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஒரு மரம் எங்கள் முன்னே இருபது அடி தொலைவில் சாய்ந்தது. அதனை வெட்டி அகற்றும் வரை நனைந்தபடி நின்றோம். அடிமாலியை அடைந்தபோது மாலை ஐந்து மணி.

அங்கே எங்களுள் ஒரு வழக்கு எழுந்தது. வண்டியை ஓட்டியவர் ஒருவர். பின்னே அமர்ந்தவர் ஒருவர். “இங்கேயே தங்கிவிடுவோங்க. விடியலில் போகலாம்” என்றார் பின்னே அமர்ந்தவர். “அம்மாவிடம் சொல்லியாயிற்று. நீ பேசாமல் வா” என்றார் ஓட்டியவர். யார் யார் என்று விளக்க வேண்டுவதில்லை; அவையில் இருக்கும் தாய்மார்கள் முகத்திலேயே அது தெரிகிறது.

பள்ளிவாசலுக்கு அருகில் மின்னல் கண்ணைப் பறித்தது. சாலை நீரோடையாயிற்று. ஓரத்துத் தேநீர்க் கடையிலிருந்து ஓர் அம்மையார் தமிழிலேயே கூவினார்: “அண்ணே, இடி இறங்குற நேரம்! வண்டிய ஓரங்கட்டிட்டு அக்காவோட உள்ள வாங்க!” தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். சூடான கஞ்சியும், உலர்ந்த போர்வையும், படுக்கக் கடையின் உட்புறத்தில் இடமும் தந்தார். பணம் கொடுத்தபோது கஞ்சிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

கைப்பேசிக்கோ தொடர்பு கிடைக்கவில்லை. அன்னையாருக்குச் சொல்ல வழியின்றி இரவு கழிந்தது.

விடியற்காலை வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. மூணாறு, தேவிகுளம், பூப்பாறை கடந்து போடிமெட்டுக்கு வந்தபோது, போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் ஜீப்பை நிறுத்தித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். எங்கள் ஈர மூட்டைகளைப் பார்த்த ஒருவர், “அந்தப் பக்கம் மழையாண்ணே?” என்றார். “பாழாய்ப்போன மழை!” என்றோம். அவர்கள் முகமோ மலர்ந்தது. “பெய்யட்டும்ணே, பெய்யட்டும்!” என்றார்கள்.

எங்களுக்கு நாணமாயிற்று. 2024-ஆம் ஆண்டு கோடை மழை பொய்த்து வெயில் மிகுந்ததால், இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. செடி இல்லையேல் அவர்களுக்குக் கூலி இல்லை. போடியின் ஏலச்சந்தைக்குச் சரக்கும் இல்லை. அந்த மலைச்சரிவு காய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் போடியார் அறிவர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மலையின் மேற்கே பெருவெள்ளம். மழை வேண்டுவதுதான். அது வரும் வேளையில் நாம் சாலையில் நின்றது நம் பிழை.

17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீட்டை அடைந்தபோது மணி ஒன்பது. திதிக்கு நேரம் இருந்தது. ஆனால் அன்னையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். இரவு முழுதும் அங்கேயே இருந்தாராம். தம்பி எவ்வளவு அழைத்தும் உள்ளே போகவில்லையாம். எங்கள் இருவர் தலையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “திதி தவறுனா அடுத்த மாசம் அமாவாசைக்குக் கொடுத்துக்கலாம். ஒங்கள நான் எங்கே போய்த் தேடுவேன்? ராத்திரியில மலை ஏறச் சொல்லி யார் கேட்டா?”

அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. கணவரை இழந்த ஓராண்டில், அதே திண்ணையில் அவருக்கு இன்னோர் இரவை நாங்கள் தந்துவிட்டோம்.

அன்பர்களே, எங்கள் பிழையிலிருந்து நாங்கள் கற்றவற்றைச் சொல்லி அமர்கிறோம். குறித்த நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே ஊரில் இருங்கள். சித்திரையில் மலையை நண்பகலுக்கு முன் கடந்துவிடுங்கள். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு அஞ்ச வேண்டிய நேரம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. சக்கரத்தின் ரப்பர் நம்மைக் காக்கும் என்பது பொய். மரத்தடியில் ஒதுங்குவதும் தீது. “மாலைக்குள் வருவோம்” என்று வீட்டாருக்கு உறுதி சொல்லாதீர்கள். “மழை வந்தால் வழியில் தங்குவோம், அஞ்ச வேண்டாம்” என்று சொல்லுங்கள். பின்னே அமர்ந்திருப்பவர் “தங்குவோம்” என்றால் தங்குங்கள்.

மூட்டை கொடுத்தனுப்பும் அன்பர்கள், தயைகூர்ந்து முன்னிரவே கொடுத்துவிடுங்கள். அடுத்த சித்திரையிலும் நாங்கள் போகிறோம். காலை ஐந்து மணிக்குப் புறப்படுவோம். உங்கள் கருவாட்டையும் கொண்டு செல்வோம்.