கோட்டைச் சுனையும் கால்வாய்க் கோரிக்கையும்



அவலூர்பேட்டை அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு 'தண்ணீரும் அதிகாரமும்' என்று தலைப்பைச் சொன்னதும், புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறிவிட்டு வந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் ஏறியது வீணில்லை.

ஏறத்தாழ 800 அடி உயரப் பாறைக்கோட்டை. மேலே வற்றாத சுனை. அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம், ஆனைக்குளம். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் வந்து முற்றுகையிட்டார். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். கோட்டை வீழ்ந்தது 1698 தொடக்கத்தில். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். இத்தனை ஆண்டுகள் இழுத்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தானியம் வராமல் பட்டினி கிடந்தது வெளியே கூடாரம் அடித்திருந்த முகலாயப் படை. உள்ளே இருந்தவர்களுக்குத் தாகப் பயம் இல்லை. 2025 ஜூலையில் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமானபோது எல்லோரும் மதிலைப் புகழ்ந்தோம். சுனைக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

சுனை ராஜாவுக்கு. மலைக்குக் கீழே இருந்த நமக்கு ஏரி. அந்த ஏரியை ஆண்டது யார் என்பதுதான் கேள்வி.

பெரிய பாசனம் இருக்கும் இடத்தில் கொடுங்கோல் அரசு தானாக வந்துவிடும் என்று கார்ல் விட்ஃபோகல் 1957-இல் ஒரு தடித்த நூல் எழுதினார். இலங்கையின் குளங்களைக் காட்டி, அப்படியெல்லாம் இல்லை என்று 1959-இல் எட்மண்ட் லீச் மறுத்தார். அவர் உத்திரமேரூர் வந்திருந்தால் இன்னும் எளிதாக மறுத்திருப்பார். அங்குள்ள பராந்தகச் சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகளில், குடவோலையில் ஆள் எடுத்து அமைக்கும் வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. (இந்த விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது வேறு சொற்பொழிவு.)

ஆனால் ஏரியை ஊர் ஆண்டது என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது. மதகைத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. பஞ்சகாலத்தில் பண்ணையாரே ஆனாலும் அவரைக் கேட்காமல் மடையில் கை வைக்க முடியாது. பல ஊர்களில் அவர் சேரியிலிருந்து வந்தவர். சொந்த நிலம் கிடையாது. களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. ஊருக்கே தண்ணீர் பங்கிட்ட அந்த மனிதர் ஊர்க்கிணற்றில் ஒரு குடம் மொள்ள முடியாது. 1927-இல் அம்பேத்கர் மகாடில் குளத்து நீரை அள்ளிக் குடித்ததைப் போராட்டம் என்று சொன்னார்கள். தண்ணீர் குடிப்பதே போராட்டமான நாடு இது. ஏரி வாரியத்தை மெச்சுகிறவர்கள் அந்தக் குடத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பிறகு மோட்டார் வந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். நான் அதைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் மல்லாட்டைக் கொல்லைகள் பிழைத்தன. ஆனால் மதகிலிருந்த அதிகாரம் 'சர்வீஸ்' என்கிற மின் இணைப்புக் கம்பிக்கு மாறிவிட்டது. சர்வீஸ் கிடைத்தவருக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்புதான். நூறடி கூடுதலாக போர் போட வசதி உள்ளவர், பக்கத்துக் கிணற்றின் ஊற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறார். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

இனி நம் பக்கத்துக் கதை, நந்தன் கால்வாய். திருவண்ணாமலை மாவட்டத்தில் துரிஞ்சலாற்றின் குறுக்கே கீரனூர் அணைக்கட்டில் தொடங்கி, ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வந்து, பனமலை ஏரியில் முடிகிறது. 36 ஏரிகள் இதை நம்பி இருக்கின்றன. ஆயக்கட்டு 6,500 ஏக்கருக்கு மேல். துரிஞ்சலாற்றில் வெள்ளம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால்தான் தென்பெண்ணைத் தண்ணீரைச் சாத்தனூர் அணை வழியாக இதில் இணையுங்கள் என்ற கோரிக்கை. அதைப் பேசாத தேர்தல் மேடை செஞ்சிப் பக்கத்தில் அபூர்வம். என் கணிப்பு கொஞ்சம் கசப்பானது: வெட்டி முடித்த கால்வாய் ஒரு தேர்தலுக்கு உதவும், வெட்டாத கால்வாய் எல்லாத் தேர்தலுக்கும் உதவும்.

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் வீடுகள் மூழ்கின. தண்ணீர் கடலுக்குப் போனது. திறந்தது சரியா, முன்னறிவிப்பு போதுமா என்று சட்டமன்றம் வரை வாக்குவாதம். கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே தண்ணீர்தான் அது.

இளைஞர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன். கீரனூர் அணைக்கட்டிலிருந்து சென்ற பத்து ஆண்டுகளில் எத்தனை நாள் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள், 36 ஏரிகளில் எத்தனை ஏரிகள் நிரம்பிக் கோடி போயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.