தச்சனின் பிழை

இந்த வெயிலில் அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் சட்டப் பட்டதாரிகளே!

சில வருடங்களுக்கு முன் பாரிஸ் போயிருந்தேன். எல்லோரும் ஈபிள் கோபுரம் பார்க்கப் போனார்கள், நான் கோர்ட்டுக்குப் போனேன். நாற்பது வருடம் கோர்ட்டிலேயே கிடந்தவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கால் அந்தப் பக்கம்தான் இழுக்கும். கொலை வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. உடன் வந்த புதுச்சேரி நண்பர் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தலைமை நீதிபதி எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, எழுப்பி நிறுத்தி அவரே கேள்வி கேட்டார். கொலையைப் பற்றி அல்ல. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், அப்பா எப்படி, முதல் வேலையை ஏன் விட்டாய் என்று. நம் ஊரில் எதிரி கூண்டில் வாய்மூடி நிற்பார். கடைசியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ம் பிரிவுக் கேள்வி வரும்போது ‘பொய், பொய்’ என்று சொல்லிவிட்டு இறங்குவார். (புதிய சட்டத்தில் அது 351. நீங்கள் அப்படித்தான் படித்திருப்பீர்கள், என் வாய்க்கு இன்னும் 313தான் வருகிறது.)

மேடையில் சிவப்பு அங்கியில் இரண்டு பேர். நடுவில் தலைமை நீதிபதி, ஓரத்தில் இன்னொருவர். அவரும் நீதிபதி என்றே அரைமணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து எதிரிக்கு எதிராக வாதாட ஆரம்பித்த பிறகுதான் அரசுத் தரப்பு என்று தெரிந்தது. நம் ஊர் அரசு வக்கீலான பி.பி., எதிரி தரப்பு வக்கீலுக்குப் பக்கத்தில் அதே தரையில் நிற்பவர். மின்விசிறி ஓடாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே வியர்வை. அங்கே அவர் இருக்கை நீதிபதியின் உயரத்தில். எதிரியின் வக்கீல் கீழே நின்று அண்ணாந்து பேசுகிறார்.

பிரெஞ்சு வக்கீல்கள் இதை ‘தச்சனின் பிழை’ என்று கேலி செய்வார்கள். மேடை போட்ட தச்சன் அளவு தவறி அரசுத் தரப்பையும் மேலே ஏற்றிவிட்டானாம். ஆனால் அது பிழையே இல்லை. அந்த நாட்டில் நீதிபதியும் அரசுத் தரப்பும் ஒரே பணித்தொகுதி. 1958-ல் தொடங்கி இப்போது போர்தோ நகரில் இருக்கும் நீதித்துறைப் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து வருகிறவர்கள், பணிக்காலத்தில் இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்கு மாறிக்கொள்ளலாம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் அங்கே நுழைந்து, இரண்டரை வருடத்துக்குச் சற்று மேல் பயிற்சி எடுத்து நேரே நீதிபதி ஆகிவிடுகிறவர்கள் நிறைய. லண்டனில் இது நடக்காது. அங்கே நீதிபதி என்றால் வக்கீல் தொழிலில் தலை நரைத்தவர். நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். நீதிபதி ஆக டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், ஆனால் மூன்று வருடம் பிராக்டீஸ் செய்துவிட்டு வா என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களில் பாதிப் பேர் முகம் சுருங்குவது தெரிகிறது.

எந்த முறை நல்லது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் பட்டிமன்றம்தான் நடக்கும். ஒரு நாட்டின் நீதிமன்றத்தைப் பார்த்தால், இது யாருக்குப் பயந்து இப்படிக் கட்டப்பட்டது என்று கேளுங்கள். இங்கிலாந்து மன்னருக்குப் பயந்தது, ஜூரியைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் நீதிபதிகளுக்கே பயந்தது. புரட்சிக்கு முன் அங்கே நீதிபதிப் பதவி விலைக்குப் போகும் சொத்து. அதிகாரத்தைப் பிரித்து வைக்க வேண்டும் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன மாண்டெஸ்க்யூ, தன் நீதிபதிப் பதவியை 1716-ல் பெரியப்பாவிடமிருந்து வாரிசாகப் பெற்றவர், பத்து வருடம் கழித்து அதை விற்றவர்! இப்படிப்பட்டவர்கள் கையில் இனி நாட்டைக் கொடுக்கக்கூடாது என்று 1790-ல் சட்டம் போட்டு, அரசு நிர்வாகத்தில் நீதிமன்றம் மூக்கை நுழைக்கவே தடை விதித்தார்கள். அந்த நாட்டுச் சட்டத்தின் மிச்சம் நம் பக்கத்திலும் உண்டு. 1881 ஆணைப்படி சொந்த வழக்காற்றைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வாரிசுகளுக்காக, புதுச்சேரியில் இன்றும் நெப்போலியன் காலத்துச் சட்டத்தைப் புரட்டும் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனி தன் நாடாளுமன்றத்துக்கே பயந்தது. 1933 மார்ச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு, முறைப்படி, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரிடம் கொடுத்த நாடாளுமன்றம் அது. அதனால் 1949 அரசியல் சட்டத்தில், மனித மாண்பு உள்ளிட்ட சில கொள்கைகளை எத்தனை ஓட்டு விழுந்தாலும் தொட முடியாது என்று எழுதி வைத்தார்கள்.

அந்தப் பயம் கப்பலேறி நம்மிடம் வந்த கதையை நீங்கள் பாடப்புத்தகத்தில் அரைவரியாகப் படித்திருப்பீர்கள். 1965 பிப்ரவரியில் டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா என்பது பேச்சு. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று: மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு முதல் ஷரத்தைத் திருத்தி, இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரித்தால் செல்லுமா? அந்த நாட்களில்தான் இங்கே மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். தமிழ்நாடு என்ற பெயர் அவர் வாயில் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

மெட்ராஸில் பேர் பெற்ற வக்கீல் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை 1967 கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கு. 68 நாள் வாதம், பதின்மூன்று நீதிபதிகள், பதினொரு தீர்ப்புரை. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் மாற்ற முடியாது என்று ஏழுக்கு ஆறு. நீதிபதி கன்னா தன் தீர்ப்பில் கான்ராடின் பெயரைச் சொல்கிறார். அடிப்படைக் கட்டமைப்பு என்று நாம் மார்தட்டிக்கொள்வது, இன்னொரு நாட்டின் காயத்திலிருந்து வந்த தழும்பு.

அது நம்மோடு நின்றுவிடவில்லை. 1989-ல் வங்கதேசம் ஏற்றது. மலேசிய நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் வேண்டாம் என்று தள்ளியவை, பிறகு மனம் மாறின. ஈப்போவைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தாயின் வழக்கு 2018-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. தாய்க்குத் தெரியாமலேயே தந்தை 2009-ல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றியது செல்லாது என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பிலும் அடிப்படைக் கட்டமைப்பு பேசப்படுகிறது. பெர்லின், காசி, டெல்லி, ஈப்போ. எனக்கு இந்தப் பயணம் எப்போது நினைத்தாலும் பிரமிப்புதான்.

ஆனால் அந்த மூவரில், அப்போதே தந்தை தூக்கிக்கொண்டுபோன கைக்குழந்தை, தீர்ப்பு வந்து வருடங்கள் ஓடியும் அந்தத் தாயின் கைக்கு வரவில்லை.

இந்தியாவில் வழக்காடுகிறவனின் தொல்லை கோர்ட் டிகிரி வாங்கிய பிறகுதான் ஆரம்பம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. நான் ஜூனியராக இருந்தபோது, தெற்கே ஒரு முன்சீப் கோர்ட்டில், சீனியர் எனக்குக் கொடுத்த முதல் கட்டு ஒரு ஈ.பி., அதாவது டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு. நாலு சென்ட் வீட்டு மனை. வழக்கு முடியப் பதினோரு வருடம், ஈ.பி. போட்டு அதற்கு மேல் ஆறு வருடம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்கில் ஜெயித்த பாட்டி முதல் பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். அமீனா போவார், கதவு பூட்டியிருக்கும், திரும்பி வருவார். மறுபடி வாய்தா. ஒருநாள் மஞ்சப்பையிலிருந்து டிகிரி நகலை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப்பசை போட்டுக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது.

“தம்பி, இதுல நான் ஜெயிச்சுட்டேன்னுதானே எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“ஆமா பாட்டி” என்றேன்.

“அப்ப அந்தாளு ஏன் இன்னும் உள்ள இருக்கான்?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாய்தா தேதியை அந்தக் காலண்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன்.