விலாங்கு அல்லாத விலாங்கு



பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கைப் பற்றிக் கேட்டிருப்பீங்க. நான் பேச வந்தது, விலாங்கு வேஷம் போடுற சதுப்பு விலாங்கைப் பற்றி. உருவம்தான் விலாங்கு, உறவோ நமக்குத் தெரிந்த ஆரல் மீனோடு. இரண்டும் சின்பிராங்கிஃபார்மஸ் என்ற ஒரே வரிசை. சதுப்பு விலாங்கின் குடும்பம் சின்பிராங்கிடே. அடையாளம் வேணுமா? தொண்டைக்கடியில் பாருங்க, இரு பக்கச் செவுள் திறப்புகளும் இணைந்து ஒரே பிளவாக இருக்கும்.

வயல், குளம், சதுப்பு நிலம் இதன் வழக்கமான வீடு. காற்றையும் சுவாசிப்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் புதைந்து பிழைத்துக்கொள்ளும். ஆனால் கேரளத்துக் கிணறுகளில், நிலத்தடி நீரில் வாழும் இனங்களுக்குக் கண்பார்வை இல்லை. நிறமி இல்லாததால் உடலே இரத்தச் சிவப்பு. இவற்றையும் உறவினங்களையும் 2020-இல் ‘ரக்தமிக்திஸ்’ என்று தனிப் பேரினமாக்கினார்கள். 2021-இல் மும்பை ஜோகேஸ்வரியில், பார்வையற்றோர் பள்ளிக் கிணற்றில் கிடைத்த ஓர் இனத்துக்கும் பெயர் சூட்டினார்கள்.

மாணவர்களே, உருவத்தை மட்டும் பார்த்து வகைப்படுத்தாதீங்க. குழாய்த் தண்ணீர் வந்துடுச்சுன்னு பழைய கிணற்றைத் தூர்த்தால், பெயர்கூட வைக்காத ஓர் உயிரினமே அதோடு மண்ணுக்குள் போயிடலாம். தூர்க்கும் முன்னால் ஒருமுறை எட்டிப் பாருங்க.