பட்டிப் பொங்கலும் பொலித்தீன் பையும்

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல். முதல்நாள் ஞாயிற்றுக்கு நன்றி. மறுநாள் மாட்டுக்கு நன்றி. மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியிலே திருநீறும் சந்தனமும் சாத்தி, கழுத்திலே மாலையிட்டு, பட்டியின் வாயிலிலே பொங்கிப் படைப்பர். அந்தப் பொங்கலை மாட்டுக்கு ஊட்டிய பின்னரே வீட்டார் வாய்வைப்பது பல ஊர்களில் வழக்கம்.

இனி, அதே மாடு முதல்நாள் மாலையில் தெருவோரத்தில் எதை உண்டது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொங்கல் முடிந்த வீடுகளில் மிச்சச் சோறு, கறித் துண்டு, பழத்தோல், கரும்புச் சக்கை ஆகிய யாவும் ஒரு பொலித்தீன் பையிலே கொட்டப்படுகின்றன. பையின் வாய் இறுக முடியப்படுகிறது. பை படலைக்கு வெளியே போய்விடுகிறது, வீடு தூய்மையாகிவிட்டது! அவ்வழியே வரும் மாடு சோற்றின் மணத்தை அறியும். முடிச்சை அவிழ்க்க அறியாது. கையில்லாத உயிர், பையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது.

மாட்டின் வயிறு நான்கு அறைகள் உடையது. விழுங்கிய இரை முதலிற் பெரிய அறையிலே தங்கி, நுண்ணுயிர்களால் நொதித்து, மீண்டும் வாய்க்கு வந்து அசைபோடப்படுகிறது. வைக்கோலையும் புல்லையும் பாலாக்கும் விந்தை அங்கேதான் நிகழ்கிறது. ஆனால் பொலித்தீனை அந்த நுண்ணுயிர்கள் ஒன்றும் செய்யமாட்டா. அடுத்த அறைக்குச் செல்லும் வாயிலோ சிறியது. பை அதனூடே போகாது. இன்று ஒரு பை, நாளை ஒன்று, திருவிழா நாளில் நாலைந்து என்று சேர்ந்து, கயிறும் கந்தலும் கூடிப் பந்துபோலத் திரண்டுவிடும். அதன்பின் மாடு தீன் குறைக்கும், பால் வற்றும், வயிறு உப்பும். விலங்கு வைத்தியர் இடப்பக்கத்து வயிற்றைக் கீறித் திரளை வெளியே எடுத்தாலன்றி அதற்கு உய்தி அரிது. எத்தனை ஏழைக் குடும்பங்களால் அந்தச் சிகிச்சையைச் செய்விக்க முடியும்? மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளுக்கு முந்திய நாளிலே மாட்டின் வயிற்றில் நஞ்சு சேர்க்கும் விந்தை இக்காலத்துக்கே உரியது.

மாடு மட்டுமன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் தின்ற யானைகள் இறந்த செய்தி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அவ்விடத்தில் மடிந்தன என்று அப்போது கூறப்பட்டது.

முற்காலத்துப் பொங்கல் எதனை மிச்சம் வைத்தது? முற்றத்தை மெழுகிய சாணம் மண்ணோடு போயிற்று. மாக்கோலத்தை எறும்பும் அணிலும் தின்றன. அடுப்புக்கு மூன்று கற்கள். விறகுக்குத் தென்னம்பாளையும் பன்னாடையும். சாம்பல் பாத்திரம் துலக்கவோ பயிருக்கிடவோ ஆயிற்று. சந்தையிலிருந்து அரிசி பனையோலை உமலிலே வந்தது. பயறும் கற்கண்டும் கடைக்காரர் மடித்த கடதாசிச் சரையிலே வந்தன. பனங்கட்டியோ தான் பிறந்த பனையின் ஓலையாலேயே முடைந்த குட்டானுக்குள் இருந்தது. பண்டத்தையும் அதன் உறையையும் ஒரே மரம் தந்த அந்த ஏற்பாட்டுக்கு நிகராக எந்தத் தொழிற்சாலையும் இன்னும் ஒன்றைச் செய்துவிடவில்லை. இன்றோ பச்சையரிசிக்கு ஒரு பை, பயற்றுக்கு ஒரு பை, சர்க்கரைக்கு ஒன்று, கஜூவுக்கு ஒன்று. இவை யாவற்றையும் தூக்கிச்செல்ல இன்னொன்று.

தோரணத்தின் கதையும் இதுவே. தென்னங் குருத்தோலையைப் பிளந்து மடித்துக் கட்டுவது ஒரு கலை. மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, அமங்கலத்துக்கு வேறொரு மடிப்பு என்று தமிழர் வகுத்துவைத்தனர். தெருவிலே செல்பவர் தோரணத்தைக் கண்ட மாத்திரத்தில் அவ்வீட்டிலே மணமா மரணமா என்று அறிவர். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மாலைக்கு அந்த மொழி தெரியாது.

நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் உறங்கிக்கிடக்கவில்லை. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் சோற்றுப்பொதி சுற்றும் பொலித்தீன் தாளைத் தடுத்தன. சமய, கலாசார, அரசியல் விழாக்களிலே பொலித்தீன் அலங்காரம் கூடாதென்றன. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதையும் விலக்கின. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலைகளும் இடியப்பத் தட்டுகளும் தடைசெய்யப்பட்டன. இச்சட்டம் வெசாக் கூட்டுக்கும் ஒன்றே. பாலன் குடிலுக்கும் ஒன்றே. கோயிற் பந்தலுக்கும் ஒன்றே. மூங்கிற் சிலாகையும் மெல்லிய தாளும் கொண்டு கட்டிய வெசாக் கூடு எவருக்கும் அழகிற் குறைந்ததாகத் தோன்றியதில்லை.

ஏற்கனவே வாங்கிய பிளாஸ்டிக் மாலை பெட்டிக்குள் கிடக்கிறதே, அதனை என் செய்வது என்று சிலர் கேட்கலாம். வீட்டுச் சுவாமியறையில் அது பத்தாண்டு தொங்கினாற் பெருங்கேடு விளைந்துவிடாது. தூய்மைவெறி கொண்டு அதனை இன்றே குப்பையில் எறிவதுதான் கேடு. ஒருநாட் பாவனைக்கென்று புதிதாக வாங்குவதே தவிர்க்கற்பாலது.

இன்னொரு நியாயமும் உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே மூன்றாம் மாடியில் வாழும் குடும்பத்துக்கு முற்றம் ஏது? வாழை ஏது? பண்டிகை நாளிலே வாழையிலையின் விலையும் ஏறிவிடுகிறது. ஆகவே வாழையிலைபோல் அச்சிட்ட பொலித்தீன் தாள் பந்திக்கு வந்துவிடுகிறது. இலையின் நரம்புகளையும் நடுத்தண்டையும் அத்தனை நுட்பமாக வரைந்தவன் மாட்டுக்கு அது இலையன்று என்பதை மட்டும் எழுதாது விட்டான். இலை கிடையாதவிடத்து எவர்சில்வர்த் தட்டிலே உண்பதில் யாதொரு குறையுமில்லை. கழுவ நாலு கைகள் வேண்டும். பண்டிகைக்கு வந்த உறவினருக்கும் கைகள் உண்டன்றோ? ஆண்களுக்கும் உண்டு.

ஊர்கூடும் விழாக்களிலே வழி இன்னும் எளிது. நோன்புக் காலத்தில் பள்ளிவாசலிற் கஞ்சி வாங்கச் செல்லும் சிறுவர் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுசெல்லுதல் பழைய வழக்கம். ஆடிப்பிறப்பன்று கூழ் குடிக்கப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திய கரண்டி போதியதாயிற்று. கோயில் வீதித் தண்ணீர்ப்பந்தலில் முன்பு மோர்ப்பானையும் செம்புமே இருந்தன. தாகம் தீர்ந்தவர் செம்பைத் திரும்பவும் வைத்துச் சென்றனர். ஒரே செம்பிற் பலரும் பருகுவதைச் சுகாதார அறிவு இன்று ஒப்பாது. அது நியாயமே. ஆயினும் அடியவர் தத்தம் போத்தலைக் கொண்டுவந்து நிரப்பிச்செல்லப் பந்தலார் குழாயொன்று பொருத்திவைத்தால், தேர் இருப்புக்கு வந்த பின் வீதியிலே கோப்பைகள் காற்றிற் பறவா.

பொங்கலன்று மாலை செய்யவேண்டியது மிகச் சிறியது. மிச்சச் சோற்றைப் பையிற் கட்டாது ஒரு பழைய வாளியிலே சேர்த்து, பழத்தோலைத் தென்னையின் அடியிற் புதைத்து, வெறும் பைகளைக் கழுவி உலர்த்தி ஒருபுறம் வைத்தல். உப்பும் புளியும் மிகுந்த கறிகளையும் அளவுக்கு மிஞ்சிய சோற்றையும் மாட்டுக்கு வைத்தலாகாது. அவையும் வயிற்றைக் கெடுக்கும். பந்தியில் உண்டெழுந்த வாழையிலையை மட்டும் நாலாய்க் கிழித்து வைக்கோலோடு தொட்டியிலிட்டால், விடிவதற்குள் அதன் நரம்பும் மிஞ்சாது.