பெயர் எழுதும் கட்டம்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. நாமும் அம்மரபினின்று விலகவில்லை. ஆயினும் இன்று பேச எடுத்துக்கொண்டது நம் பாடநூல்களில் இல்லாத ஒரு கல்வி. அரசின் விண்ணப்பங்களைக் கணினித் திரைக்கென வடிவமைப்போரின் தொழிலும், அவர்கள் கையாளும் கருவிகளுமே நம் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். திரையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு நம் பெயர் முடிந்துவிடுகிறது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைக் கட்டும் வழக்கம் இம்மண்ணில் பெரிதும் ஒழிந்துவிட்டது; அவ்வழக்கம் நிலைத்துள்ள இடங்களில் அக்கட்டம் சாதியைக் கேட்கும் கட்டமாகவும் ஆகிவிடுகிறது. வெறுமையாக விட்டால் திரை அடுத்த பக்கத்திற்கு நகரவில்லை. மையத்தில் இருந்தவர் தந்தை பெயரை முழுமையாக இட்டுவிட்டார். வங்கிப் புத்தகத்திலோ தலைப்பெழுத்து மட்டுமே. இரண்டும் ஒவ்வாமற்போகவே பணம் வரவில்லை. அவள் தாயார் நான்கு நாள் கூலியை இழந்து அலைந்தார். அக்கட்டத்தை வரைந்தவர் கெட்டவர் என்று நாம் கூறோம். தம் பெயர் போலவே பிறர் பெயரும் இருக்கும் என எண்ணிவிட்டார். வரைந்ததை இத்தகைய மாணவி ஒருத்தியின் முன் வைத்துப் பார்க்கவில்லை.

வைத்துப் பார்ப்பதையே தொழிலின் முதல் விதியாகக் கொண்டவர்களும் உளர். பிரிட்டனில் 2011-இல் அரசு டிஜிட்டல் சேவை என்னும் அலுவலகம் அமைந்தது. அது 2012 அக்டோபரில் கவ்.யூகே என்னும் ஒரே இணையதளத்தைத் திறந்தது. பயன்படுத்துவோரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது அவர்களுடைய நெறிகளுள் முதலாவது. முதலில் மக்களிடம் சென்று தேவையை அறிகிறார்கள். அடுத்த நிலைக்கு ஆல்ஃபா என்று பெயர். அந்நிலையில் மெய்யான சேவையைக் கட்டுவதில்லை. மாதிரிகளைச் செய்து, மக்களிடம் காட்டி, பிழை கண்டு, எறிந்துவிட்டு வேறு செய்கிறார்கள். நம் தலைமுறையின் சிலேட்டை நினைவுகொள்ளுங்கள். எழுதி அழித்த பின்னரே நாம் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டோம்.

அவர்களும் அடிபட்டே கற்றனர். யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித் திட்டத்தின் கணினிப் பணியில் 3 கோடியே 40 லட்சம் பவுண்டு மதிப்புள்ளதைத் தள்ளுபடி செய்ய நேர்ந்ததாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2013-இல் அறிவித்தது. தாளில் வரைந்த மாதிரி பிழைபட்டால் போவது ஒரு தாள்.

அம்மாதிரிகளைச் செய்யும் கருவிக்குப் புரோட்டோடைப் கிட் என்று பெயர். நம்மிடம் பயின்று இன்று இத்துறையில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் அதைத் தம் கணினியில் இயக்கிக் காட்டினார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. சாதாரணக் கணினியே போதும். மெய்யான பக்கங்களைப் போலவே தோன்றும் பக்கங்களை அதில் அமைக்கலாம். நாம் தட்டச்சு செய்த பெயர் மறுபக்கத்திலும் நினைவோடு வருகிறது. மாணவரா என்ற கேள்விக்கு ஆம் என்றால் ஒரு பக்கமும், இல்லை என்றால் வேறு பக்கமும் திறக்கின்றன. சிந்துஜா என்றோ முனியம்மாள் என்றோ அவரவர் பெயரையே இட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் இது சிலேட்டு மட்டுமே. மெய்யான சேவையை இதைக்கொண்டு நடத்தலாகாது என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள்.

ஃபிக்மா என்னும் வேறொரு கருவியும் உண்டு. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே வரைதாளில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒருவர் கட்டத்தை நகர்த்தினால் மற்றவர் திரையிலும் அது நகர்கிறது. சேர்ந்து சிந்திக்க மிக நன்று. எனினும் அதில் பெரும்பாலும் உருவாவது படமே. தொட்டுப் பக்கம் மாற்றலாம். பெயரை எழுதித் தடுமாறிப் பார்ப்பது எளிதன்று. தடுமாற்றத்தைக் காண வேண்டுவோர்க்கு முன்னதே ஏற்றது என்பது நம் கருத்து.

2018-இல் வெளிவந்த கவ்.யூகே டிசைன் சிஸ்டம் என்னும் தொகுப்பே நம்மை மிகவும் கவர்ந்தது. பெயர், முகவரி, நாள் ஆகியவற்றை எவ்வாறு கேட்க வேண்டும் என்று ஆய்ந்து கண்டதை அங்கே எல்லார்க்கும் பொதுவாக வைத்துள்ளார்கள். பெயருக்கு ஒற்றைக் கட்டமே மிகப் பலவகைப் பெயர்களுக்கும் இடந்தரும் என்று அது கூறுகிறது. கடல் கடந்த ஒரு நாட்டில் எழுதிய வரி நம் மாணவியின் வழக்கையே பேசுவதுபோல் நமக்குத் தோன்றியது. ஒரு துறை கண்ட பிழையை மற்றத் துறைகள் மீண்டும் செய்யாதிருக்க, குறைகளையும் திருத்தங்களையும் வெளிப்படையாக விவாதிக்கிறார்கள். பல துறையினர் கூடிய குழு அவற்றை ஆய்ந்து ஏற்கிறது.

சுவையான செய்தி ஒன்று. 2014-இல் நடைமுறைக்கு வந்த சேவைத் தரவிதிகள் 26. அவற்றுள் கடைசி விதி, பொறுப்பு அமைச்சரே சேவையை முதலிலிருந்து முடிவுவரை பயன்படுத்திச் சோதிக்க வேண்டும் என்பது! 2019-இல் விதிகளை 14 ஆகச் சுருக்கியபோது அது நீங்கிவிட்டது. நமக்கு அதில் வருத்தமே.

நல்ல கருவி இருந்தால் நல்ல நீதி வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. கடும் வறுமை பற்றி ஆராய 2018-இல் ஐ.நா. சார்பில் அந்நாடு சென்ற பிலிப் ஆல்ஸ்டன், எல்லாவற்றையும் கணினி வழியே கேட்பது ஏழைகளுக்குத் தடையாகிறது என்று கண்டித்தார். ஆகையால் கருவியைக் கற்கும் நம் பிள்ளைகள், அதன் முன் அமர இயலாதவரையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே, இத்தொழிலில் நுழையக் கணினிகூட உடனே வேண்டியதில்லை. வரும் கோடை விடுமுறையில் சங்க நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடுவோம். உங்களை அலைக்கழித்த விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். பக்கத்திற்கு ஒரு தாளாக, நன்றாக இருக்கும் என்று நீங்கள் எண்ணுமாறு வரையுங்கள். அதை உங்கள் தாயாரிடமோ பாட்டியாரிடமோ கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்க்கு வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளை மீண்டும் வரையுங்கள். கைவந்த பின் கணினிக்குச் செல்லலாம். மேற்சொன்ன இளைஞர் வந்து கற்பிக்க இசைந்துள்ளார். தன் பழைய விண்ணப்பத்தின் படியைத் தருவதாக அம்மாணவியும் கூறியிருக்கிறாள். முதல் ஞாயிறன்று அதையே எடுத்துக்கொள்வோம்.