ஏவல் மொழியும் ஜூலு மொழியும்

தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், அயல்மொழி கற்பதன் காரணங்களைப் பட்டறிவால் உணர்ந்தவர்கள். பேரம் பேச நான்கு சொற்கள், பணியாளரை ஏவ நான்கு சொற்கள். அவ்வளவில் பல்லாண்டுகளைக் கழித்துவிடுவோரும் நம்முள் உண்டு. தென்னாப்பிரிக்காவிலோ அத்தகைய பேச்சு ஒரு தனிமொழியாகவே வளர்ந்துவிட்டது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென அழைத்துச் செல்லப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளருள் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். அவர்களின் வழிவந்தோர் ஜூலு மக்களிடம் பேசக் கைக்கொண்டது 'ஃபனகலோ' என்னும் கலப்புமொழி. 'இதைப்போல' என்பதே அப்பெயரின் பொருள். சொற்களில் பெரும்பகுதி ஜூலு. ஆயினும், பெயரின் வகுப்புக்கேற்ப வினை மாறும் ஜூலு இலக்கணம் அதில் இல்லை. சுரங்கத்திலும் சமையற்கட்டிலும் ஏவுவதற்கு அது போதுமானதாயிற்று. ஆப்பிரிக்கர் பலரோ அதில் எசமானின் குரலையே கேட்டனர்.

1996-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஜூலு உள்ளிட்ட ஒன்பது ஆப்பிரிக்க மொழிகளை ஆட்சிமொழிகளாக்கியது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம், ஜூலு அறியாது புதிதாகச் சேரும் இளங்கலை மாணவர் அதனைப் பயிலவேண்டுமென 2014 முதல் விதித்தது. தேர்வுக்காகக் கற்பது உயர்ந்த நோக்கமன்று என்பர் சிலர். நாம் அதனை இகழமாட்டோம். கட்டாயம் வாயிலைத் திறந்துவிட்டால் போதும்.

உள்ளே சென்றவரை ஜூலு எளிதில் விடுவதில்லை. நாவாற் சொடுக்கும் ஒலிகள் அதில் மூன்று உள. ஒன்று, நாம் இரக்கத்தால் 'உச்சு'க் கொட்டுவதை ஒக்கும். மற்றொன்று, வண்டிமாட்டை விரட்டும் ஒலியை நினைவூட்டும். 'மாமா' என்று விளித்தால் திரும்பிப் பார்ப்பவர் ஒரு தாய்! 'சாவுபோனா' என்னும் வணக்கமொழிக்கு 'உம்மைக் கண்டோம்' என்பது பொருள்.

நோக்கங்களுள் நமக்கு வலியதாகத் தோன்றுவது மருத்துவ மாணவருடையது. நோயாளி ஜூலு மட்டுமே அறிந்தவர். மருத்துவரோ அதனை அறியாதவர். இடையில் ஒரு செவிலியோ கூடம் பெருக்குபவரோ மொழிபெயர்க்க நேர்கிறது. கூச்சத்துக்குரிய பிணியை அயலார் முன் எந்த மூதாட்டி விளங்கச் சொல்லுவார்? 'குபுஹ்லுங்கு குபி', அதாவது 'எங்கே வலிக்கிறது' என்னும் வினாவை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். அதைக் கேட்ட மூதாட்டி, தம் மொழி அறிந்தவர் வந்துவிட்டார் என்று மகிழ்ந்து, நோய் தொடங்கிய நாள் முதலாக யாவற்றையும் விரைந்து சொல்லத் தொடங்குகிறார். அவ்விடையை விளங்கிக்கொள்ளவே மாணவர் மீண்டும் பாடப்புத்தகத்தை எடுக்கின்றனர்.